அரைப் பெருக்கல் குறி: ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றைத் தேடும் வழி

போன மாதம் லத்தேரிப் பக்கத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியை போன் செய்தார். அவருடைய பள்ளியில் ஆண்டு விழாவாம், மலர் ஒன்று போடுகிறார்களாம். “டீச்சர், பள்ளிக்கூடத்தோட வரலாறு எங்க கிடைக்கும்?” என்று கேட்டார். துவரம்பருப்பு எங்கே கிடைக்கும் என்பதுபோல் இருந்தது. சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது: ஓய்வு பெற்ற வருடம் நானும் இதே கேள்வியோடுதான் வேலூருக்கும் எழும்பூருக்கும் அலைந்தேன். அவருக்குப் போனில் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி நாலு வரி. குடியாத்தம் பக்கத்தில் ஒரு நெசவாளர் ஊர். 1962 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. 1979-ல் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். 1981 ஜூனில் ஒன்றிய ஆசிரியர்களை எல்லாம் அரசு ஊழியர் ஆக்கினார்கள். அன்று எங்கள் வீட்டில் கேசரி. பிறகு தலைமை ஆசிரியை, பிறகு ஓய்வு. வரலாற்றுப் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் முப்பத்தைந்து வருடம் பதிவேடு எழுதியிருக்கிறேன். எது நடந்ததை எழுதியது, எது இன்ஸ்பெக்‌ஷனுக்காக எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். இந்த வேலைக்கு அது போதும்.

எங்கிருந்து எதுவரை

நூறு வருட வரலாறு என்று ஆரம்பித்தால் நூறு பக்கம் வாழ்த்துரைதான் மிஞ்சும். ஒரு பள்ளி, ஒரு காலத்துண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது உலகப் போர் முடிந்த 1945 முதல், எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்த 1982 வரை. கல்வியில் மேலிருந்து மாற்றம் மாற்றமாக இறங்கிய காலம் அது. அதைப் பார்த்தவர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பெரிய நிகழ்ச்சிகளை ஒரு முழுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். என் தாள் இப்படி இருந்தது. போர் முடியும் முன்பே, 1944-ல், வெள்ளைக்கார அரசின் கல்வித் திட்டமான சார்ஜன்ட் அறிக்கை: ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும் கட்டாய இலவசக் கல்வி, அதற்கு நாற்பது வருடம் ஆகும் என்றது. (நாற்பது வருடம் கழித்து, 1984-ல், நான் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பீடி சுற்றப் போய் வராத பிள்ளைகளை வீடுவீடாகத் தேடிப் போனது ஞாபகம் இருக்கிறது.) 1946 முதல் 1949 வரை அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சர், காந்தியின் வார்தா திட்டத்திலிருந்து வந்த ஆதாரக் கல்வி, தக்ளி (கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிர்), கைத்தொழில். 1953-ல் ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம், 1954 மே மாதம் அது ரத்து. அதே 1954-ல் முதலமைச்சரான காமராஜர், எங்கள் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றுதான் சட்டமன்றத்துக்குள் போனார். நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக வந்தார். 1956-ல் மதிய உணவு, 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், அப்புறம் சீருடை. 1964 முதல் 1966 வரை கோத்தாரி கல்விக் குழு. 1968-ல் இருமொழிக் கொள்கை. 1978-ல் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போய் பிளஸ் டூ.

இந்தத் தாளை மலரில் அப்படியே அச்சடித்து “எங்கள் பள்ளியின் வரலாறு” என்று தலைப்புப் போட்ட பள்ளிகளும் உண்டு. அது சென்னைக் கோட்டையின் வரலாறு. ஆணை போட்ட தேதி ஒன்று, அது உங்கள் ஊர்க் கரும்பலகைக்கு வந்து சேர்ந்த தேதி வேறு. சில ஆணைகள் பாலாறு தாண்டவே இல்லை. சில, வேறு உருவத்தில் வந்து சேர்ந்தன. நீங்கள் தேடவேண்டியது அந்த இடைவெளியை.

பீரோவைத் திறக்கும்போது

முதல் இடம் உங்கள் பள்ளியின் பழைய பீரோ. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். வாய்வார்த்தையாக “பாத்துக்கோங்க” என்று சொன்னவர் அடுத்த மாதமே மாறிப் போய்விடுவார். மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டாமல் ஒரு வாரம் இருமினேன்.

நிரந்தரமாக வைத்திருக்கவேண்டிய பதிவேடு சேர்க்கைப் பதிவேடு. அதனால் அது கிடைக்க வாய்ப்பு அதிகம். வருகைப் பதிவேட்டைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம். இவை தவிர பார்வையாளர் புத்தகம், ஆய்வறிக்கைகள், தளவாடப் பதிவேடு, சம்பளப் பட்டியல், மதிய உணவுக் கணக்கு, ஆசிரியர்களின் பாடக்குறிப்பு நோட்டுகள். பாடக்குறிப்பை அப்படியே நம்பவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதுவது எங்கள் வழக்கம். என்ன நடத்தவேண்டும் என்று மேலே எதிர்பார்த்தார்கள் என்பதற்கு அது சாட்சி, என்ன நடத்தினோம் என்பதற்கு அல்ல.

சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, காரணம். நான் எடுத்த பக்கத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஜூன், ஜூலையில் பிறந்திருந்தார்கள். ஊரே சேர்ந்து அந்த இரண்டு மாதத்தில் பிரசவம் பார்த்ததா? இல்லை. பிறப்புச் சான்று கிடையாது; வாத்தியார் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது முடிந்தது. பள்ளி திறந்த தேதியிலிருந்து ஐந்து வருடத்தைக் கழித்துப் பிறந்த நாள் போட்டுவிடுவார். என் பிறந்த நாளும் அப்படி வந்ததுதான். நான் பிறந்தது மார்கழியில் என்று அம்மா சொல்வார்.

ஆகவே அந்தப் பதிவேட்டில் வயது பொய், சேர்ந்த தேதி உண்மை. “நீங்கிய காரணம்” என்ற கட்டம்தான் தங்கம். “வறுமை”, “வேலைக்குப் போனது”, “வயதுக்கு வந்தது”, “ஊர் மாறியது”, “காரணம் தெரியவில்லை”. ஒரு பத்து வருடத்தை எடுத்து, பெண் பிள்ளைகள் எந்த வகுப்பில் நின்றார்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். வேறு எந்த அறிக்கையும் இதை உங்கள் ஊருக்கென்று சொல்லாது.

இப்போது ஒரு வயிற்றெரிச்சல். நான் வேலை பார்த்த ஒன்றியத்திலேயே ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) ஆய்வுக்கு வருகிறார்கள் என்று பீரோவைச் சுத்தம் செய்து, பழையதை எல்லாம் கிலோ கணக்கில் பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டார்கள். எனக்குச் சேதி வந்து கடைக்கு ஓடியபோது பாதி போய்விட்டது. மதிய உணவுக் கணக்கு நோட்டின் சில தாள்கள் பட்டாணிக் கடையில் பொட்டலமாக இருந்தன. இரண்டு ரூபாய்க்குப் பட்டாணி வாங்கி, தாளை மட்டும் பத்திரப்படுத்தினேன். உங்கள் ஊரில் இது நடக்கும் முன் போய்விடுங்கள்.

பரண்மேல் கிடைத்த கோடுகள்

எனக்குக் கிடைத்தவற்றில் அருமையானது பள்ளியில் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் ஐம்பதுகளில் பாடம் சொன்ன ஒரு வாத்தியாரின் வீட்டுப் பரணில் இருந்தது. இரண்டு வருட வருகைப் பதிவேடு, சேர்த்துத் தைத்தது. பின்னால் இருந்த காலித் தாள்களில் அவர் மருமகள் பால் கணக்கு எழுதியிருந்தார். அந்தப் பால் கணக்குத்தான் நோட்டைக் காப்பாற்றியது.

வருகைப் பதிவேடு எழுதிய யாருக்கும் தெரியும்: காலையில் பிள்ளை வந்தால் கட்டத்தில் ஒரு சாய்கோடு, மதியமும் வந்தால் எதிர்ப்பக்கம் ஒரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி. நாள் முழுக்க இருந்த பிள்ளைக்கு முழுப் பெருக்கல், ஒரு வேளை வந்த பிள்ளைக்கு அரை.

1953 ஏப்ரல் வரை பக்கம் முழுக்கப் பெருக்கல் குறிகள், நடுநடுவே வராத நாட்களின் ஓட்டை. ஜூன் மாதப் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு வரியில்கூடப் பெருக்கல் குறி இல்லை. பட்டியல் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேல்பாதிக்கு ஒரு பக்கம் சாய்ந்த கோடுகள், கீழ்ப்பாதிக்கு மறுபக்கம் சாய்ந்த கோடுகள். மழை ஒரு பக்கம் அடித்து, காற்று மாறி மறுபக்கம் அடித்த மாதிரி. சின்ன வயதிலிருந்து மேடைகளில் குலக்கல்வித் திட்டம் என்று கேட்ட ராஜாஜியின் அரைநாள் திட்டம் கண் முன்னால் கோடாக இருந்தது. நகராட்சிகளை விட்டுவிட்டுக் கிராமப்புறப் பள்ளிகளில்தான் அதைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில்.

அத்தோடு நின்றிருந்தால் நல்ல கட்டுரை ஆகியிருக்கும், தப்பான கட்டுரையாக. கார்த்திகை வாக்கில் ஏழெட்டுப் பையன்களுக்கு மட்டும் பெருக்கல் குறி திரும்பியிருந்தது. உடனே என் மனம் கதை கட்டியது: வாத்தியார் திட்டத்தை எதிர்த்தவர், சர்க்காருக்குத் தெரியாமல் முழு நாள் பள்ளி நடத்தியிருக்கிறார்! மூன்று பேரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். அப்புறம் அந்தப் பட்டியலில் பெயர் இருந்த, எழுபதைத் தாண்டிய ஒரு நெசவாளரைப் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“எதிர்ப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. அந்தப் பசங்க ஊட்ல தறி கெடையாது. ஊட்டுக்குப் போயி என்னா பண்ணுவானுங்க? ஏரில குதிச்சிகினு கெடந்தானுங்க. வாத்தியார் இஸ்துகினு வந்து உக்கார வெச்சிகினாரு. எங்களுக்குத் தறி இருந்திச்சி, நாங்க போயிட்டோம்.”

குலத்தொழில் இருக்கிற பிள்ளைக்கு அரை நாள், இல்லாத பிள்ளைக்கு முழு நாள். இது எந்த ஆணையிலும் இல்லை. எங்கள் ஊரில் மட்டும் இப்படியா, பக்கத்து ஊர்களிலுமா என்று இரண்டாவது பதிவேடு கிடைக்கும்வரை சொல்லமாட்டேன். ஒரு ஊர்ப் பதிவேட்டை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

எழும்பூருக்குப் போகும்போது

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூரில் இருக்கிறது. காட்பாடியில் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். ஆராய்ச்சி எதற்காக என்று ஒரு கடிதம், அடையாள அட்டை, பென்சில் மூன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எதுவும் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே போங்கள். நான் முதல் நாள் விண்ணப்பம் எழுதி, சாப்பிட்டு, திரும்பி வந்தேன்.

அங்கே தேடுவதற்கு ஒரு சூத்திரம்: தெருவில் சொல்கிற பேர் வேறு, கோப்பில் இருக்கிற பேர் வேறு. “குலக்கல்வி” என்று தேடினால் எந்தக் கோப்பும் வராது. அது எதிர்த்தவர்கள் வைத்த பெயர். கோப்பில் அது “மாடிஃபைட் ஸ்கீம் ஆஃப் எலிமென்டரி எஜுகேஷன்”, அதாவது திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம். “போர்டு ஸ்கூல்” என்று ஊரில் சொல்வது கோப்பில் “டிஸ்ட்ரிக்ட் போர்டு”. “மத்தியானச் சோறு” என்றால் “மிட் டே மீல்ஸ்”. தொடக்கக் கல்வி அதிகாரியை இன்று வட்டாரக் கல்வி அலுவலர் என்கிறோம், என் காலத்தில் ஏ.இ.இ.ஓ. (உதவித் தொடக்கக் கல்வி அலுவலர்), எனக்கு முன்னால் டெபுடி இன்ஸ்பெக்டர். ஒரே நாற்காலிக்கு மூன்று பெயர்.

அரசாணை கேட்கும்போது துறை, எண், தேதி மூன்றும் வேண்டும். ஒவ்வொரு வருடத்துக்கும் அட்டவணைத் தொகுதி உண்டு, முதலில் அதைக் கேளுங்கள். கல்வித்துறையின் ஆண்டறிக்கைகளில் மாவட்ட வாரியாகப் பள்ளி, பிள்ளைகள் எண்ணிக்கை இருக்கும். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் விடவேண்டாம். 1953-ல் அரைநாள் திட்டத்தைப் பற்றி நடந்த விவாதம் இன்று படித்தாலும் சூடாக இருக்கிறது.

மாவட்டப் பெயரில் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1989 வரை வேலூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்து வட ஆற்காடு. அந்த வருடம் இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மறுபடி உடைந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்கள் ஆயின. ஆகவே இன்றைக்கு நீங்கள் ஆரணிக்காரராக இருந்தாலும் ஆம்பூர்க்காரராக இருந்தாலும், ஐம்பதுகளின் கோப்பில் உங்கள் ஊர் “நார்த் ஆர்க்காடு” என்ற தலைப்பில்தான் இருக்கும். 1951, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளும் அந்தப் பெயரில்தான். உங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று அவற்றில் பார்க்கலாம்.

எழும்பூர் வரை போனால் கன்னிமாரா நூலகம் பக்கத்தில்தான், பழைய பத்திரிகைகளுக்கு. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்கள், பாட நூல்கள் பார்க்கலாம். 1970-ல் பாடநூல் நிறுவனம் வருவதற்கு முன் பல பாடப் புத்தகங்கள் தனியார் போட்டவை, பள்ளிக்குப் பள்ளி மாறும். எனவே “அப்போது மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். சிலவற்றைத் தமிழ் மின் நூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

உங்களுடையது மிஷன் பள்ளியாக இருந்தால் வழி வேறு. வட ஆற்காட்டில் அமெரிக்க ரிஃபார்ம்டு சபையின் ஆற்காடு மிஷன், மிஷனரி டாக்டர்களான ஸ்கடர் குடும்பத்தார் காலத்திலிருந்து, ஊரூராகப் பள்ளி வைத்தது. வேலூர் ஊரீசு கல்லூரியும் அதன் பிள்ளைதான். அந்தச் சபையின் ஆவணங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து நியூ பிரன்ஸ்விக்கில் உள்ளன, ஆனால் பழைய ஆண்டறிக்கைகள் பல இணையத்திலேயே ஸ்கேனாகக் கிடைக்கின்றன. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கத்து உருதுப் பள்ளிகளுக்கு, அவற்றை நடத்திய சங்கங்களின் கணக்குப் புத்தகங்களை முதலில் கேளுங்கள்.

அலுவலகத்தில் யாரும் பதில் சொல்லவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். “வரலாறு தருக” என்று கேட்காதீர்கள். “1960-க்கு முந்தைய எந்தெந்தப் பதிவேடுகள் தங்கள் பொறுப்பில் உள்ளன, பட்டியல் தருக” என்று கேளுங்கள்.

மனிதர்களிடம் கேட்கும் விதம்

“அந்தக் காலத்துல பள்ளிக்கூடம் எப்படி இருந்திச்சி?” என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: வாத்தியாருக்குப் பயம் இருந்தது, மரியாதை இருந்தது, இப்போது இல்லை. அது பதில் இல்லை, வழக்கமான புலம்பல். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கைக்கும் காலுக்கும் வாய்க்கும் ஞாபகம் உண்டு. அவற்றைக் கேளுங்கள். எங்கே உட்கார்ந்தீங்க, தரையா, மணையா, பெஞ்சா? யார் பக்கத்தில்? பலப்பம் தீர்ந்தால் என்ன செய்தீங்க? கரும்பலகைக்கு யார் பூசினது? எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுவோம். அந்தப் பச்சை வாசனையைச் சொன்னதும் ஒரு பாட்டி, தன்னோடு கரி அரைத்த மூன்று பேரின் பெயரை வரிசையாகச் சொன்னார். அரை மணி நேரம் கேள்வி கேட்டும் வராத பெயர்கள்.

கையில் ஏதாவது கொடுங்கள். ஒரு தக்ளியை எடுத்துப் போய் நெசவாளர் பெரியவரிடம் நீட்டினேன். பேச்சை நிறுத்திவிட்டுத் தொடையில் உருட்டி விட்டார். அது சுழன்றது. “இதுல நூத்த நூலு எதுக்கும் ஒதவாது. எங்கப்பன் பாத்துட்டு, இதையா சொல்லித் தர்றான் ஒன் வாத்தின்னு சிரிச்சாரு” என்றார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் தக்ளி. ஆதாரக் கல்வியைப் பற்றி நான் படித்த எதிலும் இந்தச் சிரிப்பு இல்லை.

வருடம் கேட்காதீர்கள், தப்பாகத்தான் வரும். அடையாளம் கேளுங்கள். காந்தியைச் சுட்டபோது (1948 ஜனவரி) எந்த வகுப்பு? காமராஜர் குடியாத்தத்தில் ஓட்டுக் கேட்டபோது? நேரு இறந்தபோது (1964 மே)? இந்தி எதிர்ப்பில் பள்ளி மூடியபோது (1965)? கணக்கும் உதவும். ரூபாய்க்குப் பதினாறு அணா, நூற்றுத்தொண்ணூற்றிரண்டு தம்பிடி என்று மளமளவென்று சொல்கிறவர் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன் வாய்ப்பாடு படித்தவர். மாகாணி, வீசம் என்று கீழ்வாய் இலக்கமும் (பழைய பின்னக் கணக்கு) சொன்னால் அவருடைய வாத்தியார் திண்ணைப் பள்ளி வழி வந்தவராக இருக்கலாம்.

சாப்பாட்டைக் கேட்கும்போது பாத்திரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 1956-ல் தொடங்கிய மதிய உணவுக்கு ஊரும் பங்கு தரவேண்டும் என்பது ஏற்பாடு. அரிசி தந்தவர்கள் பட்டியல் எங்காவது இருக்கும். எந்தத் தெரு தந்தது, எது தரவில்லை, யார் சமைத்தார்கள், யார் வீட்டுப் பிள்ளை அந்தச் சோற்றைத் தொடவில்லை. நான் படித்தபோது அமெரிக்காவின் கேர் என்ற உதவி நிறுவனத்துப் பால் பவுடரும் மஞ்சள் மாவு உப்புமாவும். அந்த உப்புமாவைப் பற்றிப் பேசினால் என் வயதுக்காரர்கள் நிறுத்தமாட்டார்கள். ஒரு மணி நேர ரெக்கார்டிங்கில் முக்கால் மணி உப்புமா.

தண்ணீர்ப் பானை

இதைத் தனியாகச் சொல்கிறேன். “சாதி பாத்தாங்களா?” என்று நேராகக் கேட்டால் “அதெல்லாம் இல்லம்மா” என்று முடித்துவிடுவார்கள், இரண்டு பக்கத்தாரும். “தண்ணி எங்க குடிச்சீங்க?” என்று கேளுங்கள். ஒருவர் பானையிலிருந்து மொண்டு குடித்தேன் என்றார். அதே வகுப்பில் படித்த இன்னொருவர் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் காட்டினார். வாயால் எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் போனை ஆஃப் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பது மரியாதை.

சேரிப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருந்த ஊர்களில், அந்தப் பள்ளியின் காகிதங்களைக் கல்வித்துறையில் தேடினால் கிடைக்காது. முதலில் லேபர் டிபார்ட்மென்ட் பள்ளிகளாக இருந்து, அரிசன நலம் ஆகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். துறையே வேறு. “லேபர் ஸ்கூல்” என்று இன்னும் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஊருக்கு ஒரே பள்ளி என்று எழுதிவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று இருந்ததை விட்ட மலர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு. ஜவ்வாது மலைப் பக்கம் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் கோப்புகளையும் அந்தத் துறை வழியாகத்தான் தேடவேண்டும்.

பதிவேட்டில் இருக்கும் சாதிக் கட்டத்தை, பெயரோடு சேர்த்து எங்கேயும் அச்சிடாதீர்கள். எண்ணிக்கை சொல்லலாம். பேரன் பேத்திகள் அதே ஊரில் இருக்கிறார்கள்.

சாமான்களும் படங்களும்

பள்ளியைச் சுற்றி ஒரு நடை நடந்து, “உபயம்” என்று எழுதியிருக்கிற எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெஞ்ச், கடிகாரம், பீரோ, தண்ணீர்த் தொட்டி. சீரமைப்பு மாநாட்டுக் காலத்தில் ஊரார் பள்ளிக்குச் சாமான் தந்தார்கள், பெயரையும் எழுதி வைத்தார்கள். நம்மவர்கள் டியூப் லைட் கொடுத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதுவார்கள். ஆராய்ச்சிக்கு அது நல்லது. எங்கள் பள்ளி மர பீரோவின் உள்கதவில் பெயர், ஊர், வருடம் மூன்றும் இருந்தன.

படம் எடுப்பதற்கு ஸ்கேனர் வேண்டாம், போன் போதும். ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், ஃபிளாஷ் கூடாது. கீழே வெள்ளை வேட்டி விரியுங்கள். அட்டையிலிருந்து பின்னட்டை வரை எல்லாப் பக்கமும், காலிப் பக்கமும், வரிசையாக. (பால் கணக்கை மறக்காதீர்கள்.) தாளில் இராமபாணப் பூச்சி ஓட்டை இருந்தால் அடியில் ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பக்கத்து எழுத்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக் குழப்பும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் வழக்கத்தை அன்றைக்கு மட்டுமாவது விடுங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், இது ஆணையில் இருப்பது, இது பதிவேட்டில் இருப்பது, இது ஒருவர் சொன்னது என்று குறித்து வையுங்கள். மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் சமரசம் செய்யவேண்டாம். அப்படியே போடுங்கள்.

எடுத்த படங்களைப் பிரின்ட் போட்டு ஒரு பிரதி பள்ளிக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று சொன்னவர்களுக்கு. நெசவாளர் பெரியவருக்கு அவர் பெயர் இருந்த 1953 பக்கத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு அரைக் கோடாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. காலிக் கட்டம்.

“இது தப்பு டீச்சரம்மா” என்றார். “அன்னிக்கு நான் வந்தேன். வாத்தியார் போடாம உட்டுட்டாரு.”

என் பிரதியில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: “வந்ததாகச் சொல்கிறார்.”